கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரன்

என் தங்கைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கட்டில், பீரோ விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனைப் பெரியவன் என்போம். கடைசிப் பெண் தையல்காரி, பள்ளிக்கூடத்துக்கும் காவல்காரர்களுக்கும் சீருடை தைத்துக் கொடுப்பவள். அவள் சின்னவள். நடுவில் பிறந்தவன் லிஃப்ட்காரன். அவனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவன் மனைவியே போனை எடுத்து, "லிஃப்ட்காரர் வீடுதான், சொல்லுங்க" என்பாள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், மூன்று பேருடைய நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிற ஆள் தாய்மாமன் நான்தான்.

லிஃப்ட்காரன் என்றால் சுகமாக மேலும் கீழும் போய் வருகிறவன் என்று நினைப்பார்கள். லிஃப்ட் ஓடாதபோதுதானே அவனைக் கூப்பிடுவார்கள்? ஓடாத லிஃப்டில் அவன் எப்படி ஏறுவான்? மோட்டார் அறை மொட்டைமாடியில் இருக்கும். படி ஏறித்தான் போக வேண்டும். "இந்த உலகத்திலேயே அதிகமா படி ஏறினவன் நான்தான் மாமா" என்பான்.

வேலையைப் பாதி கையால் செய்வான், பாதி காதால். மோட்டார் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் மிக்சி ஓடினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பான். அவன் வெளியே போன பிறகுதான் மருமகள் மிக்சியைத் தொடுவாள். விட்டால் பிரித்துப் போட்டுவிடுவானே. அவன் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்டில் பெண்ணின் பெரியம்மா மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை மாடிக்கு ஓடினான். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் அவன் சட்டைக் கையில் கருப்பாக ஒரு கிரீஸ் தீற்றல் இருக்கும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, முகம் தெரியாதவரிடம் மெதுவாகச் சொல்வான்: "கதவைத் தொடாதீங்க. தரையில உக்காருங்க. ஆள் வந்துக்கிட்டிருக்கு." ஆளே அவன்தான். இருந்தாலும் அப்படித்தான் சொல்வான். ஏனடா என்று ஒரு தடவை கேட்டேன். "நான் இங்கதான் நிக்கிறேன்னு சொன்னா, அப்புறம் ஏன் இன்னும் திறக்கலைன்னு கேப்பாங்க மாமா" என்றான். கதவை ஏன் தொடக்கூடாது என்பதற்கும் காரணம் சொன்னான். உள்ளே இருப்பவர் பயந்துபோய்க் கதவை ஒரு விரல்கடை பிளந்துவிட்டால் போதும், மோட்டாருக்குப் போகிற மின்சாரம் அறுந்துவிடுமாம். வெளியே இருப்பவன் என்ன செய்தாலும் பெட்டி நகராதாம். சீக்கிரம் வெளியே வரப் பார்க்கிறவர்தான் ரொம்ப நேரம் உள்ளே கிடப்பாராம்.

இதில்தான் லிஃப்ட்காரனுக்கும் சின்னவளுக்கும் சண்டை வந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்துக் காவல்காரர்களுக்குத் தைத்த துணியை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு சின்னவள் போயிருக்கிறாள். பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. அவள் பையில் தையல் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கதவு இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே அண்ணனின் குரல் கேட்டது. உள்ளே யாரோ ஒரு அம்மா இருக்கிறாங்க என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். தங்கமாகப் பேசினானாம். கதவு திறந்தது. அவளையும் கத்தரிக்கோலையும் பார்த்தான். அவ்வளவுதான், எதிரே நின்ற காவல்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அறிவிருக்கா உனக்கு? கத்தரிக்கோலை விடுற இடமா அது?" என்று கத்திவிட்டான். அவள் துணி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் படி வழியே இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை.

வருஷக்கணக்காகப் பேசவில்லை. ஒரே வீட்டு விசேஷத்துக்கு வருவார்கள், ஒரே பந்தியில் உட்காருவார்கள். "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, சோறு ஆறுதாம்" என்பாள். அவனும் விட்டுக்கொடுக்க மாட்டான். கதவில் கீறல் விழுந்ததற்கு மேலாளரிடம் பேச்சு வாங்கினது நான்தானே என்பான். நான் இருவரிடமும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். "ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா தங்கமா பேசுவான் மாமா. கூடப் பிறந்தவன்னா மட்டும் எகிறுவான்" என்பாள் அவள்.

அப்படி இருக்கும்போதுதான் அவனுக்கு உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. இரும்போடு வேலை பார்க்கிறவனுக்குக் காயம் புதிதா? எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று அவனும் விட்டான், நாங்களும் விட்டோம். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்று வேறு வாங்கினான். கடைசியில் காட்டிக்கொடுத்தது படிதான். மொட்டைமாடிக்குப் போகிற வழியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். ரத்தத்தைச் சோதித்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், போய்விட்டது என்றார்கள். கொஞ்ச மாசத்தில் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து ஸ்டெம் செல் மாற்றும் வைத்தியம் பற்றிச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடம் கெட்டுப்போயிருக்கிறது. கடுமையான மருந்தை ஏற்றி அதை மொத்தமாகக் காலி செய்துவிட வேண்டும். பிறகு வேறு ஒருவருடைய ஸ்டெம் செல்லை உள்ளே விட வேண்டும். அது விதை மாதிரி. தானாக எலும்புக்குள் போய் இடம் பிடித்து முளைத்துப் புது ரத்தம் கொடுக்கும். முளைக்கிற வரைக்கும் உடம்புக்குக் காவல் இல்லை, சாதாரணக் கிருமிகூட ஆளைக் கொன்றுவிடும். அதனால் தனி அறையில் அடைத்துவிடுவார்கள், வெளியே வரக்கூடாது. ஒரு தடவை காலி செய்ய ஆரம்பித்துவிட்டால், வேண்டாம் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வழி கிடையாது. பழைய ரத்தமும் ஊறாது, புதியதும் வந்திருக்காது. நடுவில் நிற்கிற கதைதான்.

யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. சொந்தம் யார் யார் என்று டாக்டரம்மா கேட்டதும் நான் ஆரம்பித்தேன். என் பக்கம், தங்கை வீட்டுக்காரர் பக்கம், சித்தப்பா மக்கள், சித்தப்பாவின் மூத்த தாரத்து மக்கள், அவர்களில் கோபித்துக்கொண்டு வெளியூர் போன கிளை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கூடப் பிறந்தவங்க மட்டும் முதல்ல வரட்டும் ஐயா" என்றார். பெரியவன் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். என் தம்பிக்கு என் ரத்தம் சேராமல் யார் ரத்தம் சேரும் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னான். சேரவில்லை. சின்னவளுடையது அச்சடித்த மாதிரி பொருந்தியது. பெரியவன் இன்றுவரை அந்தச் சோதனை மிஷினில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்கிறான்.

பொருந்தியது என்றதும் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கொடுக்கிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரம்மாதான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். விருப்பம் இல்லை என்றால் சொல், ஏதோ காரணத்தால் சரிவரவில்லை என்று நான் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாராம். அண்ணனோடு பேச்சில்லை என்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. இவள் என்ன சொன்னாள் என்று பிற்பாடு பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள்.

"பேசாதவ குடுக்கக் கூடாதுன்னு எதுவும் இருக்கான்னு கேட்டேன் மாமா. அப்படி எல்லாம் இல்லைன்னாங்க. அப்ப எடுத்துக்கோங்கன்னுட்டேன்."

அன்றிலிருந்து அவளுக்கும் சிறைதான். காய்ச்சல் வந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது என்று பெரியவன் காவல் வைத்தான். வேலைக்குப் போகாதே, பஸ் ஏறாதே, மழையில் நனையாதே என்றான். தையல் ஊசி விரலில் ஏறிவிட்டால் என்ன ஆவது என்று அவளுடைய மிஷினையே தூக்கிக்கொண்டு போய்த் தன் கடையில் கட்டில்களுக்கு நடுவே வைத்துவிட்டான். அவள் தும்மினால் பெரியவன் மனைவி போன் செய்வாள். "அண்ணி, இது தூசித் தும்மல், கணக்குல சேர்க்காதீங்க" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனாலும் முகம் வாடியிருக்கும். அங்கே லிஃப்ட்காரனுக்கு மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. இனி அவளுக்கு ஒன்று ஆனால் அவன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். படி இறங்கும்போதுகூட இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவளுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். அது ஸ்டெம் செல்லை எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்குமாம். இடுப்பும் முதுகும் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. பிறகு ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய் மிஷினில் சுற்றி மறு கை வழியாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் சின்னப் பை ஒன்றில் நிறம் வெளிறிய தக்காளிச் சாறு மாதிரி கொஞ்சம் சேர்ந்திருந்தது. "இவ்வளவுதானா? இதுக்கா என் மிஷினைத் தூக்கிட்டுப் போனீங்க?" என்றாள். அந்தப் பையைச் சாதாரண ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான் அவனுக்கு ஏற்றினார்கள். அவன் மனைவி மூலமாக நன்றி சொல்லி அனுப்பினான். அதெல்லாம் வேண்டாம், பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க அண்ணி என்று திருப்பி அனுப்பினாள்.

அவன் இருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கதவுகள், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நடைபாதைப் பக்கம் திறக்க முடியாத ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு போன். பார்க்க வருகிறவர்கள் அதில்தான் பேச வேண்டும். சுவரின் உச்சியில் ஒரு தகரச் சல்லடை, அது வழியாகச் சுத்தமான காற்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மருமகள் மட்டும் தலையையும் வாயையும் மூடிக்கொண்டு உடன் இருந்தாள். அவளும் வெளியே நினைத்தபடி போய் வர முடியாது. சாப்பாடு வேகவைத்து மூடிபோட்டு வரும். அதை அவன் விழுங்கினால்தானே? வாய் முழுக்கப் புண். முடி கொட்டிவிட்டது. நெஞ்சில் ஒரு குழாய், அதிலிருந்து கம்பத்துக்கு நாலைந்து குழாய். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும்தான் அவன் உலகம். வாழ்நாளெல்லாம் கதவுக்கு வெளியே நின்று மற்றவர்களைத் திறந்துவிட்டவன், முதல் தடவையாக உள்ளே மாட்டிக்கொண்டான்.

தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முளைத்ததா? இல்லை. மறுநாளும் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். அந்தச் சல்லடைக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மருமகளுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஃபேன் பேரிங் போகப்போகிறது, நின்றுவிட்டால் காற்று வராது, யாராவது வந்து பாருங்கள் என்று செவிலியரிடம் சொன்னான். சொல்கிறோம் என்றார்கள். இரண்டு மூன்று நாள் போனது. ஒரு மத்தியானம் மருமகள் குளிக்கப் போயிருந்தபோது, நிற்கவே தெம்பில்லாதவன் நாற்காலியில் ஏறி, கரண்டிக் காம்பால் திருகாணியைக் கழற்றிச் சல்லடையைத் திறந்துவிட்டான்.

விழுந்திருந்தால் அங்கேயே போயிருப்பான், ரத்தம் உறைகிற சக்தியே அப்போது அவனுக்கு இல்லை. விழவில்லை. சல்லடைக்குப் பின்னால் படிந்திருந்த தூசிதான் அவன் முகத்தில் விழுந்தது. மருமகள் வந்து பார்த்தபோது பத்து விரலும் கருப்பாக நின்றுகொண்டிருந்தானாம், கல்யாணத்தன்று நின்ற மாதிரியே. காற்று மிஷினைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் வந்து பார்த்தார்கள். பேரிங்கில் ஒன்றும் இல்லை. காற்று வருகிறதா என்று தெரிந்துகொள்ள யாரோ உள்ளே கட்டிவிட்ட காகிதத் துண்டுதான் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத காது அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டது.

அவசரமாக அதே மாதிரி வேறு அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் காய்ச்சல் வந்தது. அந்தத் தூசியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, வராமலும் இருந்திருக்கலாம், வந்தும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார் என்பது அவர் பேனாவை மூடித் திறந்ததிலேயே தெரிந்தது. காய்ச்சல் தணியவில்லை. அவன் ஆளே மாறிப்போனான். என்னை வீட்டுக்கு விடுங்கள், எதுவும் முளைக்கப்போவதில்லை, என் வீட்டில் படுத்துச் சாகிறேன் என்று ஆரம்பித்தான். சாப்பிட மறுத்தான். ஒரு நாள் குழாய்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் உள் கதவின் பிடியில் கையை வைத்தபடி நின்றுவிட்டான். பிடியைத் திருகினால் வெளிக்காற்று. செவிலியர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அவனைப் பிடித்து இழுக்க மருமகளுக்குப் பயம், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிற உடம்பு. எங்களுக்குப் போன் செய்து அழுதாள்.

பெரியவன், சின்னவள், நான் மூவருமே போனோம். பெரியவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனை எடுத்து முதலில் மிரட்டினான், அப்புறம் சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவது மாதிரி கெஞ்சினான். அவன் திரும்பவே இல்லை. நான் வாங்கி அவன் அம்மாவின் பெயரைச் சொன்னேன். தோள் மட்டும் குலுங்கியது. பிடியிலிருந்து கை எடுக்கவில்லை. மருமகள் உள்ளே போனை அவன் காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

"கதவைத் தொடாதீங்க" என்றாள்.

அவன் தலை கொஞ்சம் சாய்ந்தது, மோட்டார் சத்தம் கேட்கிறவன் மாதிரி.

"கட்டில்ல போய் உக்காருங்க. ஆள் வந்துக்கிட்டிருக்கு."

புண்ணான வாயால் பேசுவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்களும் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டோம்.

"எந்த ஆளு?"

"நான்தான். அன்னைக்குப் பையில போட்டு உள்ள விட்டாங்களே. லிஃப்ட் நின்னு கிடக்கு, படி ஏறித்தானே வரணும். மெதுவாத்தான் வருவேன்."

"வரலைன்னா?"

"அன்னைக்கு நீ வருவேன்னு எனக்கு மட்டும் தெரியுமா? இருட்டுல கிடந்தேன். உன் குரல் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி கத்தரிக்கோலை விட்டது என் தப்புதான். குரல் கேட்டப்புறம் தொட்டேனா? நீ சொன்னபடி தரையிலதான் உக்காந்திருந்தேன். நீ திறந்தப்ப நான் எங்க இருந்தேன்னு யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் அவனுக்குக் கத்தரிக்கோல் மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

"நான் கத்தியிருக்கக் கூடாது" என்றான்.

"கூடாதுதான். இப்ப நான் கத்தணும்போல இருக்கு, கண்ணாடி தடுக்குது. முழுசா வெளிய வா, மொத்தமா வாங்கிக்கோ. நான் குடுத்ததை எடுத்துக்கிட்டுப் பாதியில எங்கயும் போகக் கூடாது."

அவன் பிடியிலிருந்து கையை எடுத்தான். திரும்பி நடக்கத் தெம்பில்லை. மருமகள் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். பெரியவன் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

அதற்குப் பிறகு சின்னவள் தினமும் மத்தியானம் வந்தாள். கண்ணாடி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையால் பொத்தான் தைத்தபடி பேசுவாள். பேசாமல் இருந்த வருஷங்களின் பேச்சு ஏராளமாகச் சேர்ந்திருந்தது. அவனால் பதில் பேச முடியாத நாட்களில் அவளே இரண்டு பேருக்கும் பேசிக்கொள்வாள். காய்ச்சல் மெதுவாகத் தணிந்தது. அப்புறம் ஒரு காலையில் டாக்டரம்மா வந்து, வெள்ளை அணுக்கள் கொஞ்சமாகத் தலைகாட்டுகின்றன என்றார். பூஜ்யத்தைவிட ஏதோ ஒரு புள்ளி அதிகம், அவ்வளவுதான். அதற்கே மருமகள் அழுதாள். சின்னவள் அழவில்லை. "முதல் மாடி வந்துட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள்.

அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். விடுதலை என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறை. வீட்டிலும் தனி அறை, மூடின ஜன்னல், வேகவைத்த சாப்பாடு, முகமூடி. உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்தது. புது ரத்தம் அவன் உடம்பைப் பார்த்து இது யாரோ என்று சந்தேகப்படுகிறது, மாத்திரையால் அடக்க வேண்டும் என்றார்கள். "உள்ள போயும் அண்ணனோட சண்டையா?" என்று பெரியவன் சின்னவளைக் கேட்டான். நோய் திரும்பாது என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மோட்டார் அறைத் தூசியும் பூஞ்சையும் ஆகவே ஆகாது. திரும்ப அந்த வேலைக்குப் போக முடியுமா என்று அவன் கேட்டதற்கு, அதை அப்புறம் பேசலாம் என்றுதான் பதில் வந்தது. மூடின ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதிர்க் கட்டடத்து லிஃப்ட் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

பெரியவன் தையல் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, சின்னவள் அதைத் தன் வீட்டில் இறக்கச் சொல்லவில்லை. லிஃப்ட்காரன் வீட்டு முன்னறையில் போடச் சொன்னாள். மருமகள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும்போது வீட்டில் அவனோடு இருக்க ஓர் ஆள் வேண்டுமே. போன வாரம் நான் பார்க்கப் போனேன். கையைக் கழுவி முகமூடி மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் காவல்காரர் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூடின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம் சத்தம் வருது. எண்ணெய் போட்டு எவ்வளவு நாளாச்சு? கொண்டா, பிரிச்சுப் பாத்துடறேன்."

கதவுப் பிடி கொஞ்சம் அசைந்தது.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கதவைத் தொடாதீங்க."

பிடி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவோரமாகவே உட்காருகிற சத்தம் கேட்டது.